எச்சமாக நின்றுவிட்ட வினை

அன்புள்ள ஐயாவுக்குத் தோத்திரம்.

எங்கள் சபை வாலிபருக்குப் பன்னிரண்டு வாரச் சீஷத்துவ வகுப்பு (இயேசுவின் சீடராக வாழக் கற்கும் வகுப்பு) தொடங்கினோம். 40 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆறாம் வாரத்தில் 9 பேர்தான் மிச்சம். பாடப்புத்தகம் சரியில்லையோ என்று தோன்றுகிறது. நல்லதாக ஒன்று சொல்லுங்கள். இணையவழியில் நடத்தலாமா? முதல் வரிசையில் உட்காரும் தம்பி ஒருவன் பாவத்தில் விழுந்து, அதோடு சபைக்கே வருவதில்லை. அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க மத்தேயு சுவிசேஷம் 28-ஆம் அதிகாரத்திலேயேதான் கிடந்தேன். இயேசு தம் சீஷருக்குக் கட்டளை கொடுக்கும் அந்தக் கடைசி இரண்டு வசனங்களை நம் பழைய வேதாகமத்தில் வாசித்துப் பாருங்கள். ‘புறப்பட்டுப்போய்’, ‘சீஷராக்கி’, ‘ஞானஸ்நானங்கொடுத்து’ என்று எச்சங்களாக வந்து ‘உபதேசம்பண்ணுங்கள்’ என்று முடிகிறது. மூலமொழியான கிரேக்கத்தில் அங்கே கட்டளையாக நிற்கும் வினை ஒன்றே ஒன்று: சீஷராக்குங்கள். போவதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் உபதேசிப்பதும் அதைச் சார்ந்த எச்சங்கள். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. தமிழில் முற்றுவினை கடைசியில்தான் வந்து நிற்கும். ஆனால் நாம் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். ஆராதனையில் உபதேசம், வாலிபர் கூட்டத்தில் உபதேசம், முகாமில் உபதேசம். ஆட்கள் குறைந்தால் வேறு புத்தகம் வைத்து மறுபடியும் உபதேசம். சீஷராக்குவது எச்சமாகவே நின்றுவிட்டது.

புத்தகம் எதுவானாலும் சரி, மாற்கு சுவிசேஷமே போதும். அதில் 3:14-ஐப் பாருங்கள். பன்னிரண்டு பேரை இயேசு தெரிந்துகொண்டது, முதலாவது ‘தம்மோடுகூட இருக்கவும்’. பிரசங்கிக்க அனுப்புவது அதற்கு அப்புறம்தான்.

எனக்குப் பத்தொன்பது வயதில் சபை மூப்பர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரச் சொன்னார். கொலோசெயர் வாசித்தோம். அவர் சொன்ன விளக்கம் ஒன்றுகூட இன்று நினைவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் ஒருநாள், ‘உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்’ என்ற இடத்தில் விரலை வைத்தவர், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து உள்ளே போனார். கதவு திறந்துதான் இருந்தது. “காலையில உன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடு” என்று மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பி வந்து அடுத்த வசனத்தை வாசித்தார். எனக்கு ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க நான் கற்றது அங்கேதான்.

அவர் ஒருநாளும் என்னை ஆட்டிவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் எழுந்த ஒரு மேய்ப்பு இயக்கத்தில், கல்யாணம் முதல் வேலைவரை மேய்ப்பனைக் கேட்டே முடிவெடுக்கும் நிலை வந்தது. பின்னாளில் அதன் தலைவர்களில் ஒருவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

தம்பி, கடிதத்தில் 40, 9 என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது பேரில் யாருக்கு வேலை போயிற்று, யாருக்கு ஜெபிக்கவே வரவில்லை என்று ஒரு வரி உண்டா? இணையவழி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெயரை எடுக்கலாமா என்று கேட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்போஸ்தலர் பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் போன மாற்கு, பம்பிலியா நாட்டில் ஊழியத்தை விட்டுத் திரும்பிப்போனவன். பவுல் அவனை மறுபடியும் சேர்த்துக்கொள்ள மறுத்தார். பர்னபா அவனுக்காகப் பவுலையே பிரிந்து, அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். அதற்கு முன்னால், சபையைத் துன்பப்படுத்தியிருந்த பவுலைச் சீஷர்கள் நம்பாமல் பயந்தபோது அவரைக் கைபிடித்து அழைத்துவந்ததும் இதே பர்னபாதான். சீப்புருவில் மாற்குவுக்கு என்ன பாடம் நடத்தினார் என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் பவுலே, ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்’ என்று எழுதுகிறார்.

ஒன்பது பேரையும் நீங்கள் ஒருவராகச் சுமக்க முடியாது. சபையில் முதிர்ந்தவர்களிடம் ஆளுக்கு ஒருவராக ஒப்படையுங்கள். அந்தத் தம்பி உங்களுக்கு. இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று முதல் நாளே கேட்க வேண்டாம். அவன் பெயரை மட்டும் எனக்கு எழுதுங்கள், நானும் ஜெபிக்கிறேன்.