கல்லூரியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்தின் அடிப்படைகளை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படிப்பது எப்படி?

ஐந்தாவது செமஸ்டரில் இருப்பதாகவும், நெட்வொர்க் வேலைகளை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்க முடிந்தாலும் ஹாஸ்டல் அறையில் இணையம் நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் பழகினால் போதுமா, இல்லை பணம் கட்டிச் சான்றிதழ் வகுப்பில் சேர வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் படிக்கிறீர்கள் என்றும், வகுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே கேள்வி வங்கி கைக்கு வந்துவிட்டது என்றும் ஊகிக்கிறேன். பத்தாண்டுகளுக்கும் மேலாக இதே ஊரில் நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருப்பவன் நான். இந்தப் பாடம் எனக்குக் கற்பிக்கப்பட்ட விதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருவதால், பதில் சற்று நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணினியிலிருந்து ஒரு பாக்கெட் (தரவின் சிறு துண்டு) புறப்பட்டு எங்கெல்லாம் போய்த் திரும்புகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அடுக்குகளைப் பெயர்ப் பட்டியலாகப் படிக்காமல், பழுது எங்கே இருக்கிறது என்று கீழிருந்து மேலாக விசாரித்துப் போகும் வரிசையாகப் படியுங்கள். இப்படிச் சொன்னால் ஆசிரியர்களைக் குறை கூறுவதாக யாராவது சண்டைக்கு வரக்கூடும். எனக்கு இந்தப் பாடம் எடுத்தவர் நல்லவர்; வேறொரு பாடத்தில் தேர்ந்தவரிடம் செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் இதைத் தூக்கிக் கொடுத்தார்கள். என் மனத்தாங்கல் அவர்மேல் இல்லை.

லேப்பைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. எங்கள் நெட்வொர்க் லேப்பில் ஒரு நல்ல ஸ்விட்ச்சும் இரண்டு ரவுட்டர்களும் இருந்தன. ஆய்வுக் குழு வரும் நாளில் மேசைக்கு வரும், மற்ற நாட்களில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். நாங்கள் செய்ததெல்லாம் ஒரே கணினியில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ‘ஹலோ’ அனுப்பும் சாக்கெட் நிரல்தான். அதன் விடையைச் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்து பார்த்து எழுதினோம். அவர்கள் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது தெரியாது. எங்கள் காலத்துத் தேர்வில் ஓஎஸ்ஐ மாதிரியைப் படத்துடன் விளக்குக என்றால் 16 மதிப்பெண். கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் முறையான டிஹெச்சிபி என்பதன் விரிவாக்கம் 2 மதிப்பெண். அந்த 2 மதிப்பெண் சங்கதிதான் எனக்கு நெட்வொர்க் என்றால் என்னவென்று புரியவைத்தது.

என் தாய்மாமா அப்போது சைதாப்பேட்டையில் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் சேர்த்து நடத்திவந்தார். 2010-களின் தொடக்கம் அது. கைப்பேசியில் தேர்வு முடிவு பார்க்கும் பழக்கம் பரவாத காலம் என்பதால், செமஸ்டர் முடிவு வெளியாகும் நாளில் கடை வாசலில் கூட்டம் நிற்கும். அப்படியொரு நாளில் பாதிக் கணினிகளில் இணையம் வரவில்லை; மீதிப் பாதியில் எந்தக் குறையும் இல்லை. மாமா ஒவ்வொன்றாக அணைத்து ஏற்றிப் பார்த்ததில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றும் கெட்டுப்போனது. “மாப்ளே, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற, வந்து பாரு” என்று ஃபோனில் கூப்பிட்டார்.

கேபிள் செருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது; ஆகவே முதல் இரண்டு அடுக்குகளில் பெரிய கோளாறு இல்லை. கணினியின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைத் தட்டினேன். ஓடுகிற கணினியின் முகவரி 192.168.1 என்று தொடங்கியது. ஓடாத கணினியின் முகவரியோ 192.168.0 என்று தொடங்கியது. அதன் கேட்வே, அதாவது வெளியே செல்லும் வாசல், 192.168.0.1 என்று காட்டியது. அதற்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால் உடனே பதில் வந்தது, வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு அனுப்பினால் ஒன்றுமே வரவில்லை. கேட்வே உயிரோடு இருக்கிறது, ஆனால் அதற்கு அப்பால் பாதை இல்லை என்றால், இந்தக் கடைக்குள் எங்கோ இன்னொரு ரவுட்டர் இருக்க வேண்டும். ஆர்ப் கட்டளையைக் கொடுத்து அந்த 192.168.0.1-க்குரிய மேக் முகவரியை எடுத்தேன். மேக் முகவரி என்பது சாதனத்துக்குத் தயாரிப்பின்போதே இடப்படும் எண், 48 பிட் கொண்டது. பன்னிரண்டு எழுத்துகளாக எழுதப்படும் அதன் முதற்பாதி, சாதனத்தைத் தயாரித்தவர் யார் என்பதைச் சொல்லும். கடைக்கு இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துப் போன பெட்டியின் அடிப்புற ஸ்டிக்கரில் இருந்த எண் வேறு, இது வேறு.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் ஏ4 தாள் அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பழைய வைஃபை ரவுட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. “போன்ல வைஃபை வரும்னு வீட்லேருந்து கொண்டாந்து மாட்டினேண்ணே” என்றான் ஜெராக்ஸ் பையன். ஸ்டிக்கரில் நான் தேடிய எண் இருந்தது. அந்தப் பெட்டியும் தன் பங்குக்கு டிஹெச்சிபி மூலம் முகவரிகளை வழங்கிக்கொண்டிருந்தது. புதிதாக எழும் கணினி, முகவரி தருபவர் யாரேனும் உண்டா என்று அந்த நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. முதலில் வந்து சேரும் பதிலைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. பழைய ரவுட்டர் முந்திக்கொண்ட கணினிகள் எல்லாம் வெளியே செல்ல வழியில்லாத கேட்வேயிடம் சிக்கிக்கொண்டன. கேபிளைப் பிடுங்கிவிட்டு முகவரிகளைப் புதுப்பித்ததும் எல்லாக் கணினிகளிலும் இணையம் வந்தது. பாடத்தில் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக் என்று நான்கு சொற்களாக உருப்போட்டிருந்தது ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது: தருபவர் ஒருவருக்கு மேல் இருக்கக்கூடும் என்பதால்தான், கிடைத்த ஆஃபர்களில் எதை எடுத்துக்கொள்கிறேன் என்று கணினி திரும்பவும் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டியிருக்கிறது. (பிறகு மாமாவே டிஹெச்சிபியை அணைத்துவிட்டு அந்த ரவுட்டரைப் பையனுக்கு மாட்டிக் கொடுத்தார் என்பது வேறு கதை.)

இதைப் பெருமைக்காக எழுதுகிறேன் என்று தோன்றினால், ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த விசாரணையின் வரிசையைக் கவனியுங்கள். விளக்கு எரிகிறதா, முகவரி வந்திருக்கிறதா, கேட்வே பதில் சொல்கிறதா, வெளியுலகம் பதில் சொல்கிறதா, பெயரைக் கொடுத்தால் எண் கிடைக்கிறதா, கடைசியில்தான் பிரவுசர். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் டிஹெச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள்; 8.8.8.8-க்குப் பிங் போகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள். அடுக்குகள் என்று புத்தகம் சொல்வது இந்த வரிசையைத்தான்.

ஏழு அடுக்குகளில் ஐந்தாவதும் ஆறாவதும் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்றே, இன்றைய இணையம் பயன்படுத்தும் டிசிபி/ஐபி நெறிமுறைகளுக்கு மாறிவிட்டது. ஓஎஸ்ஐ மாதிரி சர்வதேசத் தரமாக வெளியானது 1984-இல். ஓடிக்கொண்டிருக்கும் இணையம் அந்தப் படத்தைப் பார்த்துக் கட்டப்பட்டதன்று. ஆகையால் தரவை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் எந்த அடுக்கில் வருகிறது என்று கேட்டால் அனுபவசாலிகளும் ஆளுக்கொன்று சொல்வார்கள். தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

ஒவ்வொரு செமஸ்டரிலும் ‘வேறுபடுத்துக’ என்று வந்து நிற்கும் பரவல் தாமதம், அனுப்பும் தாமதம் இரண்டையும் சென்னையில் இருந்துகொண்டே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கேபிள்கள் போகின்றன. 2002-இல் செயல்பாட்டுக்கு வந்த ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். இந்தப் பயண நேரம்தான் பரவல் தாமதம்: போக 16 மில்லிநொடி, வர 16. ஆக இந்த வழியில் சிங்கப்பூருக்கு அனுப்பிய பிங் 32 மில்லிநொடிக்குள் திரும்ப வழியே இல்லை. அனுப்பும் தாமதம் வேறு வகை: 1,500 பைட் பாக்கெட் என்பது 12,000 பிட், 1 எம்பிபிஎஸ் இணைப்பில் அதைக் கம்பியில் ஏற்றவே 12 மில்லிநொடி ஆகும், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 0.12 போதும். விலை உயர்ந்த பிளானுக்கு மாறினால் இரண்டாவது சுருங்கும், முதலாவது அசையாது. ஆன்லைன் விளையாட்டில் ‘லேக்’ குறையவில்லை என்று வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டுக் கத்துபவர்களில் பலருக்கு இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால், எங்களைப் போன்றவர்களின் இரவுப் பணி இலகுவாகும்.

தரவு முழுதாகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபியைப் படிக்க, பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் தவிர வேறு ஆசான் வேண்டாம், அது இலவசம். அதை ஓடவிட்டு டிசிபியில் இயங்கும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால், இணைப்பைத் தொடங்கும் சின், சின்-அக், அக் மூன்றும் வரிசையாக விழுவதைக் காண்பீர்கள். அனுப்பும் பைட்டுகளுக்கு இடும் சீக்வென்ஸ் எண் தாறுமாறான ஓர் எண்ணில் தொடங்கும் என்று புத்தகம் சொல்ல, திரையில் 0 என்று தெரிவதைக் கண்டு திகைக்காதீர்கள். வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று வயர்ஷார்க் அதைச் சார்பு எண்ணாக மாற்றிக் காட்டுகிறது, அமைப்பில் அதை அணைத்தால் உண்மையான எண் தெரியும். நெரிசல் கட்டுப்பாட்டில் வரும் ஸ்லோ ஸ்டார்ட் (குறைவாக அனுப்பத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது) வரைபடத்தைப் பெரும்பாலோர் படமாக மட்டும் பயில்கிறார்கள். அது ஏன் தேவைப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் மறக்காது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதிலிருந்து 400 கெஜத் தொலைவில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து வெறும் 40 பிபிஎஸ்ஸுக்கு விழுந்தது. நெரிசலில் பாக்கெட்டுகள் தாமதமாக, அவை தொலைந்துவிட்டதாக எண்ணி ஒவ்வொரு கணினியும் மீண்டும் மீண்டும் அனுப்ப, நெரிசல் இன்னும் கூடியது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் முன்வைத்த தீர்வுதான் உங்கள் நோட்டில் உள்ள அந்த மேலேறி இறங்கும் கோடு.

ஒரு நெட்வொர்க்கின் முகவரிகளைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கில் ஒரு சொல் மட்டும். ஏ, பி, சி என்ற வகுப்புப் பிரிவு 1993-இல் ஸ்லாஷ் எண்ணால் பிரிக்கும் சிஐடிஆர் முறை வந்ததுமே நடைமுறையிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. இருந்தும் வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னல் அதைத்தான் முதலில் கேட்பார். அவருக்காக அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, உங்களுக்காக ஸ்லாஷ் கணக்கைப் பழகுங்கள். ஸ்லாஷ் 26 என்றால் 32 பிட் முகவரியில் மீதமுள்ள பிட்டுகள் ஆறு, முகவரிகள் 64, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 62. இதை ஏன் என்று சொல்லத் தெரிந்தால் மற்ற எல்லாக் கணக்குகளும் இதேதான்.

சிமுலேட்டர் வீண் என்று நான் சொல்லவில்லை. ஓஎஸ்பிஎஃப் போன்ற ரூட்டிங் நெறிமுறைகளைப் பழக ஏழெட்டு ரவுட்டர்கள் வேண்டும், அவற்றை வாங்க நம்மால் முடியாது; அதற்குச் சிமுலேட்டர்தான் சரி. ஆனால் சிமுலேட்டரில் கேபிள் ஒருபோதும் அரைகுறையாக வேலை செய்யாது, ஜெராக்ஸ் பையனும் வரமாட்டான். சான்றிதழ் வகுப்பு வேலைக்கு மனுப்போடும்போது உதவும். என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஆகவே சான்றிதழ்க்காரர்கள் கோபிக்க வேண்டாம். அடிப்படையைப் புரிந்துகொள்ள இந்த நேரத்தில் அவ்வளவு பணம் கட்டத் தேவையில்லை என்பதே என் கருத்து.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போங்கள். பழைய ரவுட்டர் ஒன்று, சில மீட்டர் கேட்5இ கேபிள், ஒரு கைப்பிடி ஆர்ஜே45 கனெக்டர், ஒரு சாதாரண கேபிள் டெஸ்டர் ஆகியவை போதும். கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பிகளின் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் ஏன் பிரிந்து நீலத்தின் இருபுறமும் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 3, 6 ஆகிய பின்கள் ஒரே ஜோடியாக வேலை செய்பவை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி இரு முனையிலும் அப்படியே அழுத்தினால், டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் 3, 6 பின்களுக்கு வெவ்வேறு முறுக்கு ஜோடிகளின் கம்பிகள் போய், ஒரு ஜோடியின் சைகை மற்றொன்றில் கலப்பதால் 100 எம்பிபிஎஸ்ஸில் தரவு சிதையும். வேண்டுமென்றே அப்படி ஒரு கேபிள் செய்து வைத்துக்கொண்டு, வயர்ஷார்க்கில் மறு அனுப்புகைகள் எப்படி விழுகின்றன என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் உங்கள் மடிக்கணினியும் அந்தப் பழைய ரவுட்டரும் மட்டும் உள்ள தனி நெட்வொர்க்கில் செய்யுங்கள். ஹாஸ்டல் சுவரில் இருக்கும் போர்ட்டில் அந்த ரவுட்டரைச் செருகினால், ஒரு மாடி முழுவதற்கும் இணையம் நின்றுபோகலாம். ஸ்டிக்கர் எண்ணை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர் அங்கேயும் இருப்பார்.