தொந்தரவே இல்லை என்றாலும் மாத்திரை எதற்கு? – இதயத் துடிப்பு கேள்வி பதில்

டாக்டர், அவ்வப்போது நெஞ்சு படபடக்கிறது. ஆனால் இசிஜி நார்மல் என்கிறார்கள். மனப்பிரமையா?

படபடப்பு அடங்கியபின் எடுத்தால் நார்மலாகத்தான் வரும். அடுத்த முறை படபடக்கும்போதே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி பாருங்கள். இரண்டு துடிப்பு நெருங்கி வந்து, அடுத்தது தாமதித்து, இன்னொன்று விரலுக்கே எட்டாமல் நழுவி, எந்தக் கணக்குக்கும் அடங்காமல் ஓடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (ஏஎஃப்) இருக்கலாம். மேலறைகள் நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் நடுங்க, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணு அவற்றில் சிலவற்றை மட்டும் கீழறைக்கு விடுவதால் வரும் தாறுமாறு அது. உடலில் மாட்டி 24 மணி நேரம் இசிஜி பதியும் ஹோல்டர் கருவியில் சிக்காவிட்டால் இன்னும் அதிக நாள் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்மார்ட் வாட்ச் ஏஎஃப் என்கிறது. நம்பலாமா?

சந்தேகப்பட அது போதும், முடிவு கட்டப் போதாது. டாக்டர் பார்த்த இசிஜி வேண்டும்.

அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரை, பிரஷர் உண்டு. ஏஎஃப் என்றார்கள். ஆனால் அவர் நன்றாகத்தான் நடமாடுகிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை அவசியமா? ஆஸ்பிரின் போதாதா?

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். படபடப்பு இல்லாதவருக்கும் பக்கவாதம் வரும். நடுங்கும் இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் இருந்தால் இந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. பக்கவாத ஆபத்தைக் கணிக்க வயது, சர்க்கரை, பிரஷர் மூன்றுக்கும் ஒவ்வொரு மதிப்பெண் போட்டால் அப்பாவுக்கு 3. ஆணுக்கு 2 வந்தாலே மாத்திரை தொடங்கச் சொல்வோம். ஆஸ்பிரின் இந்தக் கட்டியைச் சரிவரத் தடுக்காது, ரத்தக்கசிவு அபாயத்தை மட்டும் கூட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளைச் சிறுநீரகத்தின் நிலை பார்த்துத் தருவார்கள். இயந்திர வால்வு பொருத்தியவர்களுக்கும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் மட்டும் இன்றும் பழைய மருந்தான வார்ஃபரின்தான். அதற்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

அப்லேஷன் (கோளாறான துடிப்பைத் தூண்டும் இதயத் திசுவைச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை) முடிந்து துடிப்பு சீராகிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாம்தானே?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்லேஷனுக்குப் பின் குறைந்தது 2 மாதம் யாராக இருந்தாலும் தொடர வேண்டும். அதன்பிறகு முடிவு செய்வது இன்றைய துடிப்பு அல்ல, மேலே சொன்ன மதிப்பெண்தான். ஏஎஃப் சத்தமில்லாமல் திரும்பவும் வரும்.

மது?

நிறுத்தினால் ஏஎஃப் திரும்ப வருவது குறையும். உடல் பருமனும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டையும் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நாடி பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் கடைசியாகப் போட்ட நேரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.