பழைய பத்திரிகை மஞ்சளாவதை லெமினேட் செய்து நிறுத்த முடியுமா?

முடியாது, தயவுசெய்து செய்ய வேண்டாம். பிறேம் போட்டு மாட்டிய பத்திரிகை பழுப்பாகிறது, அதே வயதுப் புத்தகம் வெள்ளையாகவே இருக்கிறது, ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளிச்சம் லெமினேட் பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போகும், சூட்டில் ஒட்டியதைப் பிறகு கடதாசியைக் கிழிக்காமல் உரிக்கவும் முடியாது.

நாங்கள் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடி. 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு வந்த பத்திரிகை ஒன்றை அப்பா மடித்து றங்குப்பெட்டிக்குள் வைத்திருந்தார், நான்தான் அதை எடுத்து பிறேம் போட்டு யன்னலுக்கு எதிரே மாட்டினேன். பெட்டிக்குள் அத்தனை வருடம் இளமஞ்சளாகக் கிடந்தது சுவரில் இரண்டே வருடத்தில் தேயிலைச் சாயமாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிறேமின் விளிம்புக்குள் மறைந்திருந்த ஓரம் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது, அன்று எனக்கு வந்த கவலை கொஞ்சமல்ல.

காரணம் லிக்னின். மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்து விறைப்பாக வைத்திருப்பது அதுதான், மரத்தில் ஏறக்குறைய கால்பங்கு அதுவே. பத்திரிகைக் கடதாசிக்கு மரத்தை இயந்திரத்தில் அரைத்துக் கூழாக்குவார்கள், அதனால் லிக்னின் முழுக்க உள்ளேயே தங்கிவிடும். நல்ல புத்தகக் கடதாசிக்கு இரசாயனத்தில் அவித்து அதை வெளியேற்றிவிடுவார்கள். எங்கள் வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலில் கடதாசி செய்தது தெரியும்தானே, வைக்கோலிலும் லிக்னின் உண்டு, காரம் (அமிலத்துக்கு எதிரான இரசாயனம்) சேர்த்து அவித்தால்தான் கழன்று போகும்.

லிக்னினில் பென்சீன் வளையங்கள், அதாவது ஆறு காபன் அணுக்கள் சேர்ந்த வளையங்கள், நிறைய. அவற்றோடு ஒட்டியிருக்கும் காபனைல் கூட்டங்கள் (காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்தவை) 300 முதல் 400 நனோமீற்றர் வரையான புறஊதா ஒளியை உறிஞ்சும், அந்தச் சக்தியில் பிணைப்புகள் உடைந்து சுயாதீன மூலிகங்கள் என்ற, எதனோடும் சட்டென்று சேரும் துண்டுகள் வரும், அவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கடைசியில் குயினோன்களாகும். குயினோன் நிறமுள்ள பொருள், நாம் பார்க்கும் மஞ்சளில் பெரும்பகுதி அதுதான். சாதாரண யன்னல் கண்ணாடி இந்த ஒளியில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும், ஆகவே பிறேம் கண்ணாடியை நம்ப வேண்டாம்.

வெள்ளைச் சாரத்தை வெயிலில் காயப்போட்டால் இன்னும் வெளுக்கிறதே என்று கேட்கலாம். பருத்தி கிட்டத்தட்ட முழுக்க செலுலோசு என்ற வெள்ளை நார்ப்பொருள், மஞ்சளாக அதில் லிக்னின் இல்லை. சந்தேகமென்றால் இன்றைய பத்திரிகைத் தாள் ஒன்றின் மேல் ஒரு திறப்பை வைத்து மூன்று நாள் வெயிலில் விடுங்கள், திறப்பின் உருவம் வெள்ளையாகப் பதிந்திருக்கும்.

தாள் நொறுங்குவது வேறு கதை. அது கடதாசிக்குள் இருக்கும் அமிலம் கடதாசி நாரின் செலுலோசை வெட்டுவதால் வருவது, நம் வாவிக்கரைப் புழுக்கத்தில் இன்னும் வேகமாக நடக்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நல்ல கலர் போட்டோக்கொப்பி எடுத்து அதை மாட்டுங்கள். மூலத்தை மடிப்பு நீக்கி, இரண்டு பக்கமும் நல்ல வெள்ளை ஏ4 தாள் வைத்து (இப்போதைய தாள்களில் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று இருக்கும், அது அமிலத்தை முறிக்கும்), வெளிச்சம் படாத அலுமாரியில் ஈரச்சுவரில் முட்டாமல் வையுங்கள். வந்த மஞ்சளை வீட்டில் வெளுக்கப் பார்க்காதீர்கள். அப்பாவின் பத்திரிகை இப்போது திரும்பவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.