பரணில் கிடக்கும் இன்ஜின்தான் உங்கள் வழக்கு

கேள்வியின் சுருக்கம் இது. வாசகருக்கு வயது 31. 1993ஆம் வருட ஆர்.எக்ஸ்.100 பைக் ஒன்றை 2023ல் ஒரு தரகரிடம் 38,000 ரூபாய்க்கு வாங்கி, ஒன்றரை வருடம் வீட்டிலேயே பிரித்துப் பிரித்து மாட்டியிருக்கிறார். ஆர்.சி. இன்னமும் முதல் உரிமையாளர் பெயரில். அவர் 2021லேயே காலமாகிவிட்டார். வண்டி புதுசு போல ஆனதும் அவருடைய மகன் வந்து, "அப்பா ஓட்டின வண்டி, திருப்பிக் கொடு, இல்லையென்றால் 30,000 ரூபாய் கொடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன்" என்கிறாராம். அந்த மகன்மேல் வழக்குப் போடலாமா என்பது கேள்வி.

தம்பி, உங்கள் கடிதம் ஒன்பது பக்கம். அதில் ஏழு பக்கத்தை அந்த மகன் பிடித்துக்கொண்டார். துருப்பிடித்து மாட்டுக் கொட்டகையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர் இப்போது வருகிறார் என்கிறீர்கள், வாஸ்தவம்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தீர்கள், அதையும் நம்புகிறேன். ஆனால் உழைப்புக்கும் பாசத்துக்கும் ஆர்.சி.யில் பத்தி கிடையாது. ஆறாவது பக்கத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பழைய இன்ஜின் ஜாம் ஆனதால் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் ஒரு ஆர்.எக்ஸ்.135 வண்டியின் இன்ஜினை 6,000 ரூபாய்க்கு எடுத்து மாட்டினீர்கள், பில் இல்லை, லேத் பட்டறைக்காரர் ஆர்.சி.யில் இருக்கிற நம்பரையே அதில் குத்தித் தருகிறேன் என்கிறார். நான் அந்த வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். மகன் விஷயம் கடைசியில், அதுவும் சுருக்கமாக.

முதலில் அந்த லேத் பட்டறைக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே குத்திவிட்டீர்கள் என்றால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்கள் ஊரில் ஒரு கிரிமினல் வக்கீலை நேரில் பாருங்கள்.

இந்த இடத்தில் விழுந்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் திருடர்கள் இல்லை, எல்லாம் உங்களைப் போல வண்டிப் பைத்தியங்கள்தான். பில் இல்லாமல் ஒரு இன்ஜின் வாங்குவார்கள். அது யார் வண்டியில் இருந்தது, அந்த வண்டி எங்கே போனது என்று கடைக்காரருக்கும் தெரியாது, கேட்டால் எடைக்கு வந்தது என்பார். அந்த இன்ஜின் ஒரு திருட்டு வண்டியினுடையதாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது திருட்டுப் பொருள். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு (2024 ஜூலைக்கு முன்னால் இ.பி.கோ. 411) அதை வைத்திருப்பவருக்கு மூன்று வருடம் வரை சிறை என்கிறது. தெரியாமல் வாங்கினேன் என்பது நல்ல பதில்தான், ஏனென்றால் தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கியிருந்தால்தான் குற்றம். ஆனால் அந்தப் பதில் எதுவரை நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? நம்பரைத் தேய்க்கும் வரை. தேய்த்துவிட்டு வேறு நம்பர் குத்திய மறு நிமிடமே "தெரியாது" என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து எந்த நீதிமன்றமும் ஏற்காது. தெரியாதவன் ஏன் நம்பரை அழிக்கிறான்? அரசு வக்கீலுக்கு இந்த ஒரு கேள்வி போதும். அதோடு அந்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி. புதுப்பித்தால் ஏமாற்றுதல் என்று 318ஐயும் சேர்ப்பார்கள், அதன் நான்காம் உட்பிரிவில் ஏழு வருடம் வரை போகலாம். ஆதாரத்தை அழித்தது தனி.

"யாருக்கும் தெரியாது சார், அவர் அப்படியே கம்பெனி பஞ்ச் மாதிரி குத்துவார்" என்று ஒருவர் என்னிடம் வந்து சொன்னார். அவர் ஜாமீனில் இருந்தபடி சொன்னது இது. நம்பர் குத்தும்போது மேலே தெரிகிற பள்ளம் மட்டும் விழுவதில்லை, அதற்கு அடியில் இருக்கிற உலோகமும் நெரிபடுகிறது. மேல்பரப்பைத் தேய்த்து எடுத்தாலும் அடியில் அந்த நெரிசல் இருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் ரசாயனத்தைத் தடவினால் நெரிந்த இடமும் நெரியாத இடமும் வேறு வேறு விதமாக அரித்து, பழைய எண் மெல்ல எழும்பி வரும். அலுமினிய கிராங்க் கேஸாக இருந்தாலும் இதைச் செய்ய முடிகிறது. இவருடைய வண்டியில் ஏழு இலக்கமும் வந்தது. அவர் வாங்கியது திருட்டு இன்ஜினே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது, விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியினுடையது. நம்பரைத் தொடாமல் இருந்திருந்தால் ஒரு விசாரணையோடு வீட்டுக்குப் போயிருப்பார். குத்தியதால் நான்கு வருடம் வாய்தா.

சரி, குத்தாமல் அப்படியே ஓட்டினால்? அதுவும் முடியாது. ஆர்.எக்ஸ்.100க்கு ஆர்.சி.யில் 98 சி.சி. என்று இருக்கும், நீங்கள் மாட்டியிருப்பது 132 சி.சி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரமும் ஆர்.சி.யில் இருப்பதும் மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற இடத்தை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் சைலன்சர் அதில் ஒன்று, அதற்கு 190(2) தனியாக வேறு வரும், 10,000 ரூபாய் வரையும் மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தமும். அது எழுப்புகிற சத்தத்தைப் பற்றி நீங்கள் ரசித்து எழுதியிருந்த பத்தியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், யார் கையிலாவது கிடைத்தால் ஒப்புதல் வாக்குமூலம்.

இன்ஜின் மாற்றத்தை முறையாக ஆர்.சி.யில் ஏற்ற வழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். சட்டத்தில் உரிமையாளர் என்றால் 2(30)ன்படி யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர். அவர் 2021ல் காலமாகிவிட்டார். உங்கள் கையில் பில்லும் இல்லை. ஆகவே அந்தக் கதவு மூடியிருக்கிறது.

பெயர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆர்.சி.யும் 2023ல் காலாவதியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் வேண்டும். அங்கே சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள், அதை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள். அந்தப் பக்கம் பெயர் இல்லாமல் இன்ஜினை மாற்ற முடியாது, இந்தப் பக்கம் இன்ஜின் பொருந்தாமல் பெயரும் ஆர்.சி.யும் வராது. நீங்கள் இதன் நடுவில் நிற்கிறீர்கள்.

இதிலிருந்து வெளியே வர ஒரே வழி பரண். ஜாம் ஆன இன்ஜின் என்றால் பெரும்பாலும் போனது பிஸ்டன், சிலிண்டரின் உள்துளையான போர், கிராங்க் பேரிங், கான்ராட் இவைதான். நம்பர் இருப்பது கிராங்க் கேஸில், அது அவ்வளவு சீக்கிரம் சாகாது. போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள், அதுவும் தாங்காது என்றால் ஸ்லீவ் அடியுங்கள், கிராங்கை ரீகண்டிஷன் பண்ணுங்கள். இதெல்லாம் ரிப்பேர், மாற்றம் அல்ல, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். 135 சிலிண்டரை அதில் ஏற்றலாமா என்று கேட்டு மறு கடிதம் போடாதீர்கள், அப்புறம் சி.சி. மாறிவிடும். அந்தப் பழைய இரும்புக் கடை இன்ஜினைக் கழற்றி ஓரமாக வையுங்கள், விற்காதீர்கள், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துக் கைகழுவவும் பார்க்காதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் இன்ஜின் நம்பரை வைத்து அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் ஒரு வக்கீலோடு போய் எழுத்து மூலமாக ஸ்டேஷனில் ஒப்படையுங்கள், நீங்களாகப் போனதுதான் உங்களுக்குச் சாதகம்.

இன்னொன்று, ஃபிரேமை சாண்ட் பிளாஸ்ட் பண்ணி பவுடர் கோட்டிங் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஹேண்டில் கழுத்தில் இருக்கிற சேசிஸ் நம்பர் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறதா? வீட்டில் வண்டி கட்டுகிறவர்கள் இந்த இடத்தை மறைத்து ஒட்டாமல் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்துவிட்டு, பாதி இலக்கம் தேய்ந்து, மீதியைப் பெயின்ட் நிரப்பி, கடைசியில் நல்ல வண்டியையே சந்தேக வண்டியாக்கிவிடுகிறார்கள். பெயின்ட்தான் நிரம்பியிருக்கிறது என்றால் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் ரிமூவர் தடவி எடுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள். ஃபிரேமின் பின்பக்கம் வெட்டிய வளைவுக் குழாயையும் (லூப்) பழையபடி வெல்ட் வைத்துவிடுங்கள், பந்தய பாணியில் பின்பக்கத்தைக் குட்டையாக்கும் கேஃபே ரேசர் ஆசை இந்த வண்டியில் வேண்டாம். வின்டேஜ் பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது 50 வருடம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு. ஆர்.எக்ஸ்.100 வந்ததே 1985ல், முதல் வண்டிக்கே 2035 ஆக வேண்டும்.

இப்போது மகன். வழக்குப் போடலாமா? போடலாம். அசையும் பொருளில் பணம் கொடுத்து ஒப்படைப்பு வாங்கினால் உரிமை கைமாறும், 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் பேசும், தரகர் அந்தப் பெரியவரிடம் நிஜமாகவே வாங்கினார் என்று நிரூபிக்க முடிந்தால். ஆனால் வழக்கு என்றால் வண்டியை விவரித்து மனு எழுத வேண்டும், எதிர்த் தரப்பு நீதிமன்ற ஆணையர் வைத்து வண்டியைப் பார்க்கக் கேட்கும், அன்றைக்கு எந்த இன்ஜின் மாட்டியிருக்கிறது என்பது உலகத்துக்கே தெரியும். அவர் "அப்பா வண்டி காணவில்லை" என்று ஒரு புகார் கொடுத்தாலும் அதேதான் நடக்கும். 30,000 ரூபாய்க்காக இந்தப் பக்கம் போகாதீர்கள். சமரசம் பேசுங்கள்.

பேசும்போது உழைப்பு, துரோகம் என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்குப் புரிகிற மொழியில் பேசுங்கள். 2018ல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில், பல கை மாறிப்போன வண்டி விபத்தில் சிக்கியபோது, ஆர்.சி.யில் யார் பெயர் நின்றதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பா பெயர் ஆர்.சி.யில் இருக்கும் வரை, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு வாரிசுகளும் இழுக்கப்படலாம். பெயரை மாற்றுவதில் உங்களைவிட அவருக்கு அவசரம் அதிகம். இதைச் சொன்னால் 30,000 தானாகவே 15,000 பக்கம் இறங்கும். இறங்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள், இந்த வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் அவர் ஒருவர் கையெழுத்து போதாது. அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள் என்கிறீர்கள், வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள எல்லோரும் சம்மதிக்க வேண்டும். முதலில், உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றுகிற படிவம் 31ல் வாரிசு ஒருவர் பெயருக்கு, அப்புறம் அவரிடமிருந்து உங்கள் பெயருக்கு. பாதிப் பணம் படிவம் 31 கையெழுத்தாகும்போது, மீதி உங்கள் பெயர் ஆர்.சி.யில் ஏறிய பிறகு, இதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தரகர் கொடுத்த, பெரியவர் கையெழுத்துப் போட்ட அந்த நிரப்பாத 29, 30 படிவங்கள் (விற்பனையில் பெயர் மாற்றுகிறவை) இனி வெறும் காகிதம். அதில் 2020 தேதி போட்டால் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் லேத் பட்டறைக்காரரின் அண்ணன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை வண்டி வாசல் தாண்டக் கூடாது. ட்யூனிங் பார்க்க ராத்திரி ஒரு ரவுண்ட் என்பதும் கூடாது. ஆர்.சி. காலாவதி, உரிமையாளர் இறந்தவர், அவர் பெயரில் யாரோ கட்டின இன்ஷூரன்ஸ், இன்ஜின் வேறு. இந்த நிலையில் ஒருவரை இடித்துவிட்டால் கம்பெனி முடிந்த வரை தட்டிக் கழிக்கும், வாரிசுகள் உங்களைக் கைகாட்டுவார்கள், நீங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற அந்த 38,000 ரூபாய் ரசீதையே வண்டி உங்கள் வசம் இருந்ததற்கு ஆதாரமாக எடுத்து வைப்பார்கள்.

ஏணி போட்டுப் பரணில் இருந்து அந்தக் கிராங்க் கேஸை இறக்கி, நம்பரைத் துடைத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் மகனிடம் பணம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.