மாட்யூல் இல்லாத ஸ்விட்ச்: 128 ஜிபியூவுக்குத் தேவையா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்துக்கு 16 சர்வர், 128 எச்100 ஜிபியூ வருகிறது, ஜிபியூவுக்கு 400ஜி (நொடிக்கு 400 கிகாபிட்) இணைப்பு. விற்பனையாளர் சி.பி.ஓ. (கோ-பேக்கேஜ்டு ஆப்டிக்ஸ்) ஸ்விட்சைத்தான் வாங்கச் சொல்கிறார். ஆப்டிக்ஸ் சிப்போடு சேர்ந்தே வருமாம், கரண்ட் மூன்றில் ஒரு பங்குதானாம். ஒரு போர்ட் போனால் ஸ்விட்சையே கழற்றி அனுப்ப வேண்டிவருமோ என்று பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டீர்களா?

வழக்கமான ஸ்விட்சில் சிப் நடுவில் இருக்கும், மின் சிக்னலை ஒளியாக மாற்றி ஃபைபரில் அனுப்பும் ஆப்டிகல் மாட்யூல்கள் முன்பக்கத்தில் செருகியிருக்கும். நடுவே ஒரு சாண் செம்புத் தடம். ஒரு லேனில் (ஒரு தடத்தில்) 100ஜி, 200ஜி என்று போகும்போது அந்த ஒரு சாணிலேயே சிக்னல் மங்கிக் குழம்பிவிடும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் சிக்னலைச் சீராக்கும் ஒரு டிஎஸ்பி சிப். மாட்யூலின் கரண்டில் பெரும்பங்கை அதுதான் தின்கிறது. கோ-பேக்கேஜ்டு ஆப்டிக்ஸில் ஒளியாக மாற்றும் எஞ்சினை ஸ்விட்ச் சிப்பின் பக்கத்திலேயே ஒட்டிவிடுகிறார்கள். செம்பின் தூரம் மிகச் சுருங்குகிறது, டிஎஸ்பிக்கு வேலையில்லை. 1.6டி (டெராபிட்) போர்ட்டுக்கு 30 வாட் என்பது 9 வாட்டாகக் குறையும் என்பது என்விடியா தரும் கணக்கு. அந்த மூன்றில் ஒரு பங்கு ஆப்டிக்ஸின் கரண்டில்தான்.

இப்போது உங்கள் கணக்கு. 128 × 400ஜி = 51.2 டெராபிட். அதாவது இன்று கிடைக்கும் ஸ்விட்ச் சிப் ஒன்றிலேயே அடங்கிவிடும் அளவு. 800ஜி மாட்யூல் 64, தலா 15 வாட் என்று வைத்தால் 960 வாட். மூன்றில் ஒரு பங்கானால் மிச்சப்படுவது 640 வாட். ஒரு எச்100 ஜிபியூ மட்டுமே 700 வாட் குடிக்கும்! சர்வர் பக்கத்து மாட்யூல்களோ அப்படியே இருக்கப்போகின்றன. 2025 மார்ச்சில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் போட்ட கணக்கு வேறு: ஜிபியூவுக்கு 6 டிரான்சீவர் (அதாவது ஆப்டிகல் மாட்யூல்), 180 வாட், பத்து லட்சம் ஜிபியூவுக்கு 180 மெகாவாட். அங்கே இது மின்நிலையப் பிரச்சினை. உங்களுக்கு அப்படியில்லை.

உங்கள் பயம் பாதி சரி. அடிக்கடி போவது லேசர்தான். சிலிக்கானுக்கு ஒளி உமிழ வராது, இண்டியம் பாஸ்பைடு லேசருக்குச் சூடு ஆகாது. அதனால் லேசரை மட்டும் முன்பக்கத்தில் கழற்றி மாட்டும்படி தனியே வைக்கிறார்கள். அதை நீங்களே மாற்றலாம், ஆனால் ஒரு லேசர் பெட்டி பல போர்ட்டுகளுக்கு ஒளி கொடுக்கும். கழற்றினால் அத்தனையும் விழும். எஞ்சினே போனால் பெரும்பாலும் உங்கள் அறையில் வைத்து மாற்ற முடியாது.

நான் இன்னொன்றை எடைபோடுவேன். ஒரு ஞாயிறு இரவு ஒரு லிங்க் விழுந்து விழுந்து எழுந்தது. மாட்யூலை மாற்றிப் போட்டேன், பக்கத்து போர்ட்டில் செருகிப் பார்த்தேன்; கோளாறு ஃபைபரோடேயே போனது. ஃபைபர் முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால் கனெக்டர் முனையில் யாரோ விரல் வைத்த எண்ணெய்ப் பிசுக்கு! சி.பி.ஓ.வில் இந்த 'மாற்றிப் போட்டுப் பார்க்கும்' வசதி பாதி போய்விடும்.

ஆகவே இந்தச் சுற்றில் மாட்யூல் ஸ்விட்சையே வாங்குங்கள். ரேக்குக்குள் இரண்டு மீட்டருக்குள் முடிகிற இடத்தில் செம்பு டிஏசி கேபிள் போதும். 72 ஜிபியூ கொண்ட என்விடியாவின் என்விஎல்72 ரேக்குக்குள் ஜிபியூக்களை இணைப்பதே ஆயிரக்கணக்கான செம்பு கேபிள்கள்தான். டிஎஸ்பி இல்லாத எல்பிஓ மாட்யூல் நடுவழி. ஸ்விட்ச்காரர், நெட்வொர்க் கார்டுகாரர் இருவரும் எழுத்தில் உறுதி கொடுத்தால் மட்டும் எடுங்கள். ரேக்குகளுக்கிடையே மல்டிமோட் வேண்டாம், சிங்கிள்மோட் ஃபைபர் இழுங்கள். நாளை சி.பி.ஓ. வந்தாலும் அதற்கு வேண்டியது அதுதான்.

அதற்கும் மேல் விற்பனையாளர் விடவில்லையென்றால், போர்ட் டிஆர் வகையா எஃப்ஆர்4 வகையா என்று கேளுங்கள். பிராட்காமின் சி.பி.ஓ. ஸ்விட்சான பெய்லி எஃப்ஆர்4, என்விடியாவுடையது டிஆர். முன்னதில் ஒரு ஜோடி இழையில் நாலு அலைநீளம் போகும், பின்னதில் லேனுக்கு ஒரு ஜோடி இழை. சர்வர் முனையில் வேறு வகை மாட்யூலை வாங்கி வைத்தால் லிங்க் எழவே எழாது.