கேளுங்கோ, சொல்லுறன்: இங்கிலிஷ் ரீச்சரும் லிற்றரேச்சர் பாடமும்

மகள் பத்தாம் ஆண்டுக்கு வாறா. ஓஎல்லுக்கு இங்கிலிஷ் லிற்றரேச்சர் எடுப்பன் எண்டு ஒற்றைக் கால்ல நிக்கிறா. ஆனா படிப்பிக்கிற ரீச்சர் கம்பஸ் போகாதவவாம், கல்வியியற் கல்லூரி மட்டும் தானாம். நம்பி விடலாமா, இல்லாட்டி சித்திரம் எடுக்கச் சொல்லவா?
– ஒரு அம்மா, உப்புவெளி

முதல்ல அந்த ‘மட்டும் தானாம்’ஐ விடுங்கோ அம்மா. கல்வியியற் கல்லூரிக்கும் ஏஎல் ரிசல்ட் பாத்துத் தான் எடுக்கிறவை, மூண்டு வருசம், அதில ரெண்டு வருசம் உள்ளுக்க தங்கிப் படிப்பு, கடைசி வருசம் ஒரு பள்ளிக்கூடத்தில கட்டுறு பயிற்சி, அதாவது நாப்பது பிள்ளையளுக்கு முன்னால சோக்கட்டியோட நிண்டு கை நடுங்கி நடுங்கிப் பழகி வாறது. கம்பஸ்ல இங்கிலிஷ் ஸ்பெஷல் செய்தவை நாவல், நாடகம், கவிதை எண்டு கூட வாசிச்சிருப்பினம் தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா படிப்பிக்கிறது எப்பிடி எண்டு கன பேர் வேலைக்கு வந்தாப் பிறகு டிப்ளோமா செய்யேக்க தான் படிக்கினம். ஒரு பக்கம் இருக்கிறது மற்றப் பக்கம் குறையும், அவ்வளவு தான்.

எனக்குப் படிப்பிச்ச சேரும் கம்பஸ் வாசல் மிதிக்காதவர். இங்கிலிஷ் கவிஞர் ரெனிசன்ட கழுகுக் கவிதை எடுத்தவர், மொத்தமே ஆறு வரி. வகுப்பில வாசிச்சுப் போட்டு ஒண்டும் விளக்கேல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை எங்களைக் கோணேசர் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில நிக்க வச்சு “கீழ பாருங்கோடா, கடல் எப்பிடிக் கிடக்கு”ண்டார். நாங்க நீலம், பெரிசு, ஆழம் எண்டு ஆளுக்கொண்டு சொல்ல, பின்னால நிண்டவன் ஒருத்தன் “அம்மம்மாட கை மாதிரி சுருங்கிக் கிடக்கு சேர்” எண்டான். அந்தக் கவிதையில கழுகு மேல இருந்து பாக்கிற கடலுக்கும் அந்தச் சொல்லு தான், ‘ரிங்கிள்ட்’. சேர் சிரிச்சுப் போட்டு கடலைக்காரனைக் கூப்பிட்டு எல்லாருக்கும் ஒவ்வொரு சுருள் வாங்கித் தந்தார். அண்டைக்குப் பிறகு அந்தச் சொல்லு எனக்கு மறக்கேல்ல, 31 வருசம் நானும் படிப்பிச்சு முடிச்சு பென்சனும் எடுத்தாச்சு.

இப்ப ரியூசனில நடக்கிறது வேற. ‘உவமை ரெண்டு, உருவகம் மூண்டு’ எண்டு ரியூட்டில அடிச்சுக் குடுக்க பிள்ளை அதைப் பாடமாக்குது, கதையை ஒருக்காலும் முழுசா வாசிக்கிறேல்ல. சோதினையில நாலு வரியைத் தந்து இதை ஆர் ஆருக்கு, எந்த நேரத்தில சொன்னது எண்டு கேட்டா முழிக்குது. அதால ரீச்சர்ட சேர்ட்டிபிக்கேட்டைக் கேக்காதேங்கோ, அவட புத்தகத்தை ஒருக்கா பாருங்கோ. ஓரத்தில பென்சிலால கிறுக்கி, மூலை மடிஞ்சு, தேத்தண்ணிக் கறை பட்டுக் கிடந்தா கண்ணை மூடிக்கொண்டு விடலாம்.

இன்னொண்டு, இங்கிலிஷ் கட்டாயப் பாடம், லிற்றரேச்சர் வேற, விருப்பப் பாடம். சித்திரம், சங்கீதம், நடனம், தமிழ் இலக்கிய நயம் எல்லாம் அதே தொகுதியில தான் வருது, ஒண்டை எடுத்தா மற்றதை விடோணும். மகள் கீறுற பிள்ளையெண்டா யோசிக்கலாம். நீங்க பயந்து மாத்த வேண்டாம்.

ஏஎல்ல ஜெனரல் இங்கிலிஷுக்கு ஏ எடுத்தனான். கம்பஸ்ல இங்கிலிஷ் செய்து ரீச்சராகலாமா சேர்?
– மூதூர் வாசகர்

தம்பி, ஏ எடுத்தது சந்தோசம், ஆனா ஜெனரல் இங்கிலிஷ் கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோருக்குச் சேராது. கலைப்பிரிவில மூண்டு பாடத்தில ஒண்டா எடுக்கிற இங்கிலிஷ் வேற, அதில தான் கவிதை, நாடகம், நாவல் எல்லாம் வரும், ரெண்டையும் கன பேர் போட்டுக் குழப்பினம். கம்பஸ் சரிவராட்டி உயர் தேசிய ஆங்கில டிப்ளோமா இருக்கு, கல்வியியற் கல்லூரி இருக்கு. தகுதி எல்லாம் வர்த்தமானியில விபரமாப் போடுவாங்கள், அதை வாசியுங்கோ, பேஸ்புக்கில சொல்லுறதைக் கேட்டு விண்ணப்பிக்காதேங்கோ.

வெள்ளைக்காரன்ட கதையைப் படிச்சு திருகோணமலைப் பிள்ளைக்கு என்ன லாபம்?
– கோபத்தோட ஒருவர், சாம்பல்தீவு

கோபம் விளங்குது. ஆனா இங்கிலிஷ் நாவல் எழுதின ஜேன் ஒஸ்ரின்ட தம்பி எங்கட டவுனுக்குள்ள தான் படுத்திருக்கிறார், அது தெரியுமோ? சார்ல்ஸ் ஒஸ்ரின், கடற்படையில ரியர் அட்மிரல், 1852இல பர்மாச் சண்டைக்குப் போன இடத்தில கொலரா வந்து செத்துப் போக, இங்க எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சவக்காலையில அடக்கம் பண்ணினவங்கள். இவர் இளந்தாரியா இருக்கேக்க, 1801இல, பிடிபட்ட எதிரிக் கப்பலால கிடைச்ச பங்குக் காசில அக்காமார் ரெண்டு பேருக்கும் புஷ்பராகக் கல்லுச் சிலுவை வாங்கிக் குடுத்தவர். அந்தச் சிலுவை தான் பிறகு ஜேன் எழுதின மான்ஸ்ஃபீல்ட் பார்க் நாவலில, கப்பலில வேலை செய்யிற அண்ணன் தங்கச்சிக்குக் குடுக்கிற அம்பர் சிலுவையா வருது. முதல் சம்பளத்தில அக்காவுக்குத் தோடு வாங்கிக் குடுக்கிற பொடியனை உங்கட ஒழுங்கையிலயும் கண்டிருப்பீங்கள்.

பிள்ளையளை ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போங்கோ. பின்னேரமாப் போங்கோ, மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும், வழியில மான் மறிச்சா ஹோர்ன் அடிக்காதேங்கோ.