அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியும் எங்கள் வீட்டுத் தேயிலைத் தகரமும்

கேள்வி: அமெரிக்கக் கோப்பை என்ற பாய்ப்படகுப் போட்டியின் வரலாறு என்ன? பணக்காரர்களின் அந்த விளையாட்டுக்கும் நம்மவர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. சம்பந்தமே இல்லை என்று யாராவது சொல்லக் கேட்டு, அது உண்மைதானா என்று பார்க்க இங்கே கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். சம்பந்தம் இருக்கிறது.

வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி ஒரு போட்டி நடந்தது. நியூயோர்க்கிலிருந்து வந்த 'அமெரிக்கா' என்ற பாய்க்கப்பல் பிரித்தானியப் படகுகள் அத்தனையையும் முந்தி ஒரு வெள்ளிக் கோப்பையை வென்றது. பலரும் நினைப்பதுபோல நாட்டின் பெயரைக் கோப்பைக்கு வைக்கவில்லை, அந்தக் கப்பலின் பெயரைத்தான் வைத்தார்கள். 1857இல் கோப்பை நியூயோர்க் படகுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த நாட்டுக் கழகமும் சவால் விடலாம் என்பது ஏற்பாடு. 1870இல் முதல் சவால் வந்தது. 1983 வரை வந்த சவால் எதுவும் வெல்லவில்லை. 132 ஆண்டுகள் கோப்பை நியூயோர்க்கை விட்டு அசையவில்லை. சவால் விடுகிற படகு தன் சொந்தப் பாயிலேயே கடல் கடந்து வர வேண்டும் என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. அதனால் பிரித்தானியர் கனமாகக் கட்ட வேண்டியிருந்தது. சொந்தத் துறையில் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி எங்கள் கதை. நான் கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்தில் வளர்ந்தவன். அப்பாயி பிறந்தது பதுளை மாவட்டத்து மலையகத்தில், ஹப்புத்தளைக்கு மேலே உள்ள தம்பேத்தன்ன தேயிலைத் தோட்டத்தில். அவருடைய தகப்பனார் துரை பங்களாவில் சமையல் அப்பு. 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வன்னிக்கு இறங்கியது. எடுத்து வந்த சாமான்களில் ஒன்று, பங்களாவிலிருந்து வந்த வெறும் தேயிலைத் தகரம். மஞ்சள் நிறம். முன்பக்கத்தில் கப்பல் தொப்பி அணிந்த, வெள்ளை மீசைக்கார வெள்ளைக்காரர் ஒருவர் கையில் கோப்பையுடன் இருப்பார். அதற்குள்தான் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், பிரசாவுரிமைப் பத்திரம், பங்கீட்டு அட்டை எல்லாம். யார் இவர் என்று கேட்டால் அப்பாயி, "கப்பலோட்டுகிற துரை" என்று மட்டும் சொல்வார்.

2013இல் கிளிநொச்சியில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்தேன். அப்போது சான் பிரான்சிஸ்கோவில் இந்தப் போட்டி நடந்தது. எட்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த அமெரிக்க அணி ஒன்பதுக்கு எட்டு என்று வென்றது. வியந்துபோய்ப் பழைய வரலாற்றைத் தேடினேன். திரையில் எங்கள் தகரத்து மனிதர் வந்தார். அதே தொப்பி, அதே மீசை. சேர் தோமஸ் லிப்டன்.

1890இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கியவர் அவர். தம்பேத்தன்னவும் அவருடையது. 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை இந்தக் கோப்பைக்குச் சவால் விட்டார். ஐந்து படகுகளுக்கும் ஒரே பெயர், சாம்ராக். அயர்லாந்தின் மூவிலைச் செடி அது. அதைப் படித்தபோது அப்பாயியின் விரல்கள்தான் எனக்கு நினைவு வந்தன. அவர் வாழ்நாள் முழுவதும் கிள்ளியது இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், அதுவும் மூன்றுதான். 1903இல் சாம்ராக்கை எதிர்த்து வந்த ரிலையன்ஸ் என்ற படகின் பாய் 16,000 சதுர அடிக்கும் மேல், ஏறக்குறைய ஆறு பரப்புக் காணி. 1920இல் லிப்டன் முதல் இரண்டு ஓட்டங்களையும் வென்றார். இன்னும் ஒன்று போதும். அடுத்த மூன்றையும் தோற்றார். 1930இல் கடைசியாகத் தோற்றபோது அமெரிக்கப் பொதுமக்கள் பணம் சேர்த்து அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள்.

லிப்டன் காலனித்துவ முதலாளி, அவரையா புகழ்கிறாய் என்று சிலர் வருவார்கள். புகழவில்லை. அவருடைய செல்வம் முழுவதும் எங்கள் மலையிலிருந்து போனது என்றும் சொல்லவில்லை. 1871இல் கிளாஸ்கோவில் தொடங்கிய மளிகைக் கடைகளே அவரைப் பெரியவராக்கின. ஆனால் அந்தப் பாய்களில் எங்கள் கொழுந்தின் பங்கு இருக்கிறது. போட்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் படகின் நீளத்தை எழுதுகிறார்கள், பாயின் பரப்பை எழுதுகிறார்கள், கொழுந்துக் கூடையை எழுதுவதில்லை. அதை நான் எழுதுகிறேன்.

இன்னொன்று. அத்தனை செல்வமும் சேர் பட்டமும் இருந்தும், கடைக்காரர் என்பதால் பிரித்தானியாவின் மிக உயர்ந்த படகுக் கழகம் அவரை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 1931இல் சாவதற்குச் சற்று முன்புதான் சேர்த்தது. அவர் சவால் விட்டதெல்லாம் அயர்லாந்துக் கழகம் ஒன்றின் பெயரில். இதைப் படித்தபோது எனக்கு ஓர் அலுவலகம் நினைவுக்கு வந்தது. காணி அனுமதிப்பத்திரத்துக்காக அப்பாவுடன் போயிருந்தேன். தகரத்தைத் திறந்து பத்திரங்களை மேசையில் வைத்தோம். அதிகாரி பதுளை மாவட்டம் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "தோட்டத்து ஆட்களா? உங்களுக்கு இங்கே எப்படிக் காணி?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த அரை ஏக்கரில் காடு வெட்டியது அவர், கிணறு தோண்டியது அவர். 2009இல் போருக்கு நடுவே விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஓடி, செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி கொட்டில் போட்டதும் அவர்தான். அந்தக் காணிக்கு இன்றுவரை முறையான பத்திரம் இல்லை. கேள்விக்குத் தொடர்பில்லாததை எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச வரலாறு: 1983இல் அடியில் உள்ள ஏராவுக்கு இறக்கை வைத்துக் கட்டிய 'ஆஸ்திரேலியா 2' கோப்பையை நியூயோர்க்கிடமிருந்து பறித்தது. நான்குக்கு மூன்று. பிறகு அமெரிக்கா, நியூசிலாந்து, கடலே இல்லாத சுவிட்சர்லாந்து என்று கோப்பை கைமாறியது. இப்போதைய படகுகள் நீருக்கு மேலே எழும்பி, நீருக்குள் இருக்கும் இறகு போன்ற தகடுகளில் ஓடுகின்றன. 2024இல் பார்சிலோனாவில் நியூசிலாந்து பிரித்தானியாவை ஏழுக்கு இரண்டு என்று வென்றது. 1851இல் தன் கடலில் தோற்ற பிரித்தானியா இன்றுவரை ஒருமுறைகூட வெல்லவில்லை.

தகரம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. மாத்தளனில் அம்மா அதைச் சேலையில் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தார். உப்புக்காற்றில் துரையின் முகம் துருவேறிவிட்டது, தொப்பி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மூடியின் உள்பக்கம் ஏதோ எண்கள் அச்சாகியிருக்கின்றன. ஹப்புத்தளைப் பக்கத்தில் பழைய தகரங்கள் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த எண்களை வைத்து எந்தக் காலத்துத் தகரம் என்று சொல்ல முடியுமா என எழுதுங்கள்.